ஹெட்செட்டா, திரையா, குளமா: ஒன்றரை லட்சத்தை எதில் போடுவது?

துபாயில் இருக்கும் என் பழைய மாணவன் போன வைகாசியில் ஊருக்கு வந்தபோது ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான். "சார், உங்க ஸ்கூலுக்கு ஒன்றரை லட்சம் தர்றேன். ஆனா வி.ஆர். வாங்கணும். ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு அதுலயே எக்சர்சைஸ் சொல்லித் தரலாமாம்." வி.ஆர். என்றால் கண்ணை மூடித் தலையில் மாட்டும் ஹெட்செட்; உள்ளே தெரியும் கற்பனை உலகத்துக்குள் நாமே நிற்பது போல இருக்கும். பணம் தருகிறவன் பொருளின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் வாங்குகிறவன் பாடு சங்கடம்தான். "மூணு மாசம் டைம் கொடுடா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிறப்புப் பள்ளியில் வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளை ஓட விடுவதும் எறிய விடுவதும்தான் இப்போது என் வேலை. மொத்தம் 22 பிள்ளைகள், 6 வயதிலிருந்து 17 வயது வரை. எல்லோருக்கும் ஆட்டிசம், சிலருக்கு அதோடு வலிப்பும் உண்டு. மைதானம் என்று நாங்கள் சொல்வது, மூடிப்போன ரைஸ் மில்லின் நெல் காயப்போடும் களம். சித்திரையில் கால் வைக்க முடியாது. ஐப்பசியில் பாசி பிடித்து வழுக்கும்.

பொருளைப் பார்த்துவிட்டுத் தேவையைத் தேடினால் எந்தப் பொருளும் தேவையாகத்தான் தெரியும். அதனால் பிள்ளைகளிலிருந்து தொடங்கினேன். ஆட்டிசம் என்றதும் பெற்றோர் பேச்சைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உடம்பைப் பற்றிய கவலை பிறகுதான் வருகிறது. களத்தில் நிற்கிறவனுக்கு உடம்புதான் முதலில் கண்ணில் படும். நுனிக்காலில் நடக்கும் பிள்ளை. ஒற்றைக்காலில் இரண்டு விநாடி நிற்க முடியாத பிள்ளை. "என்னை மாதிரி செய்" என்றால் என் கையைப் பார்க்காமல் என் சட்டைப் பொத்தானைப் பார்க்கும் பிள்ளை. பார்த்துச் செய்வது இவர்களில் பலருக்குக் கடினம். நம் டிரில் வகுப்போ முழுக்க முழுக்கப் பார்த்துச் செய்வது. அது போதாதென்று நான் கழுத்தில் விசிலை வேறு மாட்டிக்கொண்டு திரிந்தேன். சத்தம் தாங்காத காதுக்கு அது ஊசி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தபோது இப்படி ஒரு பையன் என் வகுப்புக்கு வந்தான். மூன்று வருடம் அவனை ஸ்கோர் எழுத உட்கார வைத்தேன். எண்களை அச்சடித்த மாதிரி எழுதுகிறான் என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, படிப்போடு விளையாட்டு வாய்ப்பையும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகத் தரவேண்டும் என்கிறது. நான் அதைப் படித்தது ஓய்வு பெற்ற பிறகு.

எவ்வளவு விளையாட்டு? உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் சேர்த்தே, நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்று இருக்கிறது. வாரத்துக்கு 420 நிமிடம். இந்த எண் பின்னால் கணக்குக்கு வேண்டும்.

இரண்டு பொருள்களை முதல் நாளே தள்ளிவிட்டேன். போனைச் செருகிக் கண்ணில் வைத்துக்கொள்ளும் மலிவுக் கண்ணாடி ஒன்று. தலையைத் திருப்பினால் படம் திரும்பும், அவ்வளவுதான். ஓரடி எடுத்து வைத்தால் அதற்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஆகும், உடற்கல்விக்கு ஆகாது. இன்னொன்று, தரையில் படம் விழுந்து பிள்ளைகள் மிதித்தால் மீன் ஓடும் ப்ரொஜெக்டர். பெரிய நகரத்துத் தெரபி சென்டர்களில் வைத்திருக்கிறார்கள். அழகான சாமான்தான், ஆனால் எங்கள் பணம் முழுவதையும் போட்டாலும் எட்டவில்லை.

மிச்சம் மூன்று: தலையில் மாட்டும் ஹெட்செட், கேமராவோடு கூடிய திரை, பிறகு நம் களமும் தண்ணீரும்.

ஹெட்செட்டோடு இரண்டு வாரம்

பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு ஹெட்செட்டை இரண்டு வாரத்துக்கு இரவல் தந்தார்கள். அவர்களில் இருவர் கூடவே வந்து நின்றார்கள். நல்ல பிள்ளைகள்.

முதல் நாள் வெறும் கழித்தல் கணக்கிலேயே போனது. மெட்டா நிறுவனம் தன் குவெஸ்ட் ஹெட்செட்டுகளுக்கு 10 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. சோனி தன்னுடையதற்கு 12 என்கிறது. எங்கள் 22 பேரில் எட்டுப் பேர் பத்துக்குக் கீழே. மிச்சம் 14. வலிப்புக்கு மருந்து சாப்பிடும் இருவருக்கு, மின்னும் வெளிச்சம் வேண்டாம் என்று அவர்களுடைய டாக்டர் சொல்லிவிட்டார். 12. தலையில் எதையும் வைக்க விடாதவர்கள் ஐந்து பேர். இதைக் கண்டுபிடிக்க ஹெட்செட்டே தேவையில்லை. "முடிவெட்டும் கடையில் அழாமல் உட்காருவானாம்மா?" என்று தாயிடம் கேட்டால் போதும். இல்லை என்று சொன்ன ஐந்து தாய்மார்களின் பிள்ளைகளும் கடைசி வரை மாட்டவில்லை. 7. அந்த ஏழு பேரில் ஒருவனைக் கல்லூரித் தம்பி ஆர்வத்தில் ரோலர் கோஸ்டரில் ஏற்றிவிட்டான். பையன் இறங்கும்போதே வாந்தி எடுத்துவிட்டான். அப்புறம் அந்தப் பெட்டியைக் கண்டாலே ஓட்டம். கண் "போகிறோம்" என்கிறது, காதுக்குள் சமநிலை பார்க்கும் உறுப்பு "நிற்கிறோம்" என்கிறது. இந்தச் சண்டைதான் வாந்தி. பிள்ளையின் கால் நகர்ந்தால் மட்டும் படமும் நகரும் விளையாட்டாகப் பார்த்துப் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். தப்பு எங்களுடையது. ஆக, 6 பேர்.

ஆறு பேருக்கும் அது சரியாக உட்கார்ந்ததா என்றால் அதுவும் இல்லை. இந்த வகை ஹெட்செட்டுகள் அரைக் கிலோவை ஒட்டிய எடை. பத்து வயதுக் கழுத்துக்கு அது முன்பாரம். கண்பாவைகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்த வேண்டும். குவெஸ்ட் 3எஸ் மாடலில் அதற்கு இருப்பது 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைதான். சின்னப் பிள்ளைகள் பலருக்கு அந்தத் தூரம் 58ஐயே தொடாது. நமக்கு மங்கலாகத் தெரிந்தால் சொல்வோம். பேசாத பிள்ளை எப்படிச் சொல்லும்? கழற்றி வீசும். நாம் அதை அடம் என்று எழுதி வைப்போம்.

இத்தனைக்கும் பிறகு, அந்த ஆறு பேரிடம் நான் பார்த்ததை மறைக்க முடியாது. களத்தில் பந்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். ஹெட்செட்டில் வந்த பந்துகளை நின்ற இடத்தில் நின்று நாற்பது தடவை எட்டிப் பிடித்தான். உள்ளே வேறு முகம் இல்லை, வேறு சத்தம் இல்லை. அதே பந்து, அதே வேகம், அதே திசை. நாற்பதாவது முறையும் எந்திரத்துக்கு அலுக்கவில்லை, கத்தவும் இல்லை. எனக்குப் பத்தாவது முறையே குரல் ஏறியிருக்கும். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் தவிக்கிற பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் களத்தில் நிஜப் பந்தைப் போட்டேன். அது அவன் நெஞ்சில் பட்டு விழுந்தது. அவன் கையை நீட்டவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நீட்டினான், ஆனால் முஷ்டியாக. இரண்டு நாளாக ஹெட்செட்டோடு வரும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத்தானே பந்து பிடித்திருக்கிறான். பந்து பிடிப்பது விரல்களின் வேலை. உள்ளங்கை விரிய வேண்டும், பந்து வந்து இடிக்க வேண்டும், இடித்ததும் விரல் மூட வேண்டும். கைப்பிடி இல்லாமல் வெறுங்கையைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் வசதியும் அதில் இருக்கிறது. கை வேகமாகப் போனால் அது தடம் தவறிவிடுகிறது. அப்படியே சரியாகப் பார்த்தாலும் காற்றில் பிடித்த பந்துக்குக் கனம் கிடையாது.

எங்கள் பிள்ளைகளோடு பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பள்ளியில் தானாகச் சட்டை போடுகிறவன் வீட்டில் போடமாட்டான். வீட்டில் சாப்பிடுவதைச் சித்தி வீட்டில் சாப்பிடமாட்டான். ஒரு இடத்தில் கற்றது இன்னொரு இடத்துக்குத் தானாக நடந்து வராது. ஹெட்செட் அதில் இன்னும் ஒரு ஆற்றைக் குறுக்கே வெட்டுகிறது. வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறு குழுக்களோடு, சில வாரங்கள் மட்டுமே நடந்தவை. விளையாட்டுக்குள் சமநிலையும் கை-கண் ஒத்துழைப்பும் கூடியதாகச் சொல்கின்றன. அது மைதானத்துக்கு வந்து சேர்கிறதா என்ற இடத்தில் குரல் தாழ்ந்துவிடுகிறது.

வேறொரு விஷயத்தில் ஹெட்செட் என்னை வாயடைக்க வைத்தது. மேளச் சத்தம் கேட்டாலே மேசைக்கு அடியில் போய்விடும் பன்னிரண்டு வயதுச் சிறுமி எங்களிடம் இருக்கிறாள். நம் ஊரில் மேளம் இல்லாத நாள் எது? கல்லூரி மாணவர்கள் தங்கள் சுதந்திர தின ஒத்திகையை, பேண்டு, மைக், அணிவகுப்பு எல்லாவற்றையும், 360 டிகிரி கேமராவில் எடுத்து வந்தார்கள். முதல் நாள் சத்தமே இல்லாமல் படம் மட்டும். அடுத்த நாள் ஒரு துளி சத்தம். ஆறாவது நாள் அவளே சத்தத்தைக் கூட்டும் பொத்தானைத் தேடினாள். ஆகஸ்ட் 15 அன்று எங்கள் வாசலில் கொடியேற்றியபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். மேசைக்கு அடியில் போகவில்லை. ஒரு பிள்ளையை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாதுதான். ஆனால் இது புதிய வழியும் இல்லை. 1996லேயே அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள இரண்டு குழந்தைகளுக்கு ஹெல்மெட் மாதிரியான பழைய கருவியை மாட்டி, தெருவில் வரும் காரைக் கவனிக்கப் பழக்கிப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு, ஒன்பது பையன்களைச் சுவரெல்லாம் திரையாக இருக்கும் அறையில் நிறுத்தி, அவரவர் பயப்படும் காட்சியைப் படிப்படியாகக் காட்டியது. எட்டுப் பேருக்குப் பயம் குறைந்தது. அங்கே தலையில் எதையும் மாட்டவில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மைதானத்துக்குப் போகும் பயத்தை இறக்கி வைக்க ஹெட்செட் உதவும். மைதானத்தின் வேலையை அது செய்யாது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

இனி நம் ஊர்ச் சங்கடங்கள். வியர்வையில் லென்ஸ் மூடிக்கொள்கிறது. முகத்தில் ஒட்டும் பஞ்சு பிள்ளைக்குப் பிள்ளை ஈரமாகவே போகிறது. துடைக்கக்கூடிய மேலுறை கட்டாயம். மெட்ராஸ் ஐ வரும் காலத்தில் பெட்டியைப் பூட்டி வைப்பதே புண்ணியம். தலைப் பேனைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்த்தேன், ஆனால் ஒரு தாய் அதைத்தான் முதலில் கேட்டார். ஜன்னலோரம் வைத்துவிட்டால் வெயில் அந்த லென்ஸ் வழியே குவிந்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும், சின்ன வயதில் பூதக்கண்ணாடியில் காகிதம் எரித்தோமே அதே மாதிரி. களத்து வெயிலில் இதை வைத்து விளையாடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கரண்டு போனால் மட்டும் கவலை இல்லை, சார்ஜில் இரண்டு மணி நேரம் ஓடும். மொழியும் ஒரு தொல்லை. விளையாட்டு முழுக்க இங்கிலீஷ். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கமுள்ள ஒருவன் ஒரு வாரம் சோற்றைப் பார்த்தும் "ஆசம்!", பஸ்ஸைப் பார்த்தும் "ஆசம்!" என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் அப்பாவுக்கு மட்டும் அதில் கொஞ்சம் பெருமை.

அந்த 420 நிமிடக் கணக்குக்கு வருவோம். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நான் விடவில்லை. மாட்டவும் துடைக்கவும் ஐந்து நிமிடம். ஆறு பேருக்கு ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் சுவரில் மோதாமல் பார்க்க ஒரு பெரியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், படத்தை டிவியில் பார்த்துக்கொண்டு சொல்லித்தர இன்னொருவர். வாரத்தில் மூன்று நாள் என்றால் பிள்ளைக்கு 30 நிமிடம். மிச்சம் 16 பிள்ளைகள் அந்த நேரம் எங்கே? ஸ்கோர் எழுதிய அந்தப் பையன் என் நினைவுக்கு வந்தது இங்கேதான்.

திரை

திரை என்று நான் சொல்வது, சுவரில் படம், எதிரே கேமரா, நடுவில் பிள்ளை. எதையும் மாட்டவோ பிடிக்கவோ வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2010இல் கொண்டுவந்த கினெக்ட் இப்படிப்பட்டதுதான். 2017இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாகக் கிடைத்தால் மலிவு, ஆனால் கெட்டுப்போனால் அதோடு சரி. இரண்டு பேர் ஆட எட்டடி தள்ளி நிற்கவேண்டும். எங்கள் கூடத்துக்கு அது சரியாக இருந்தது.

கல்லூரி மாணவர்கள் வேறு வழி காட்டினார்கள். கூகுளின் மீடியாபைப் என்ற இலவச மென்பொருள், சாதாரண வெப்கேம் படத்திலிருந்தே உடம்பில் 33 புள்ளிகளைக் கண்டுபிடித்துத் தொடரும். அதை வைத்து ஒரு பலூன் விளையாட்டை அவர்களே எழுதினார்கள். கை பட்டால் பலூன் உடையும். உடைந்ததும் "சபாஷ் தங்கம்" என்று அந்தப் பிள்ளையின் அம்மா குரலே கேட்கும். வெளிச் சந்தையில் எந்த விலைக்கும் கிடைக்காத சாமான் இது.

திரையின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பின்னால் இருந்தால் கேமரா தடுமாறுகிறது. பிள்ளையின் கையைப் பிடித்து நான் தூக்கினால், என் கை எது அவன் கை எது என்று அதற்குக் குழப்பம். ஒரு சிறுவன் பலூன் எங்கே போகிறது என்று திரைச் சீலைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு ஏமாந்து வந்தான். இன்னொருத்தி திரையில் தெரியும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். இங்கேயும் பலூனுக்குக் கனம் கிடையாது.

ஆனால் ஒரு விஷயம் நடந்தது. ஹெட்செட்டில் ஆடியபோது மற்றப் பிள்ளைகள் அவனைப் பார்க்கவில்லை. பார்க்க அவர்களுக்கு எதுவும் இல்லை. திரையில் ஆடியபோது பெஞ்சில் இருந்தவர்கள் பலூனைப் பார்த்தார்கள். ஆடுபவன் பலூனைத் தவறவிட்டபோது, யாரோடும் பேசாத ஒருவன் பெஞ்சிலிருந்து "குதி!" என்றான். சிறப்பாசிரியர் அதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் ஊருக்குத் திரையின் பெரிய உபயோகம் மழை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் களம் குளமாகிவிடும். அந்த நாட்களில் பிள்ளைகள் கூடத்தில் அடைந்து, ஒருவர் சத்தம் ஒருவருக்கு ஆகாமல், மாலைக்குள் நாலு பேர் கையைக் கடித்துக்கொள்வார்கள். இப்போது இதை எழுதும்போதும் வெளியே மழைதான். உள்ளே பலூன் உடைகிறது.

களமும் தண்ணீரும்

களத்துக்குச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. அடுத்து என்ன என்பதைப் படமாக எடுத்து வரிசையாக ஒட்டினோம்: முதலில் மணல் மூட்டையைத் தள்ளு, பிறகு பாண்டிக் கட்டத்தில் தாவு, பிறகு குடத்தில் பாதித் தண்ணீரைத் தொட்டி வரை தூக்கிப் போ, பிறகு ஊஞ்சல். முடித்ததும் அந்தப் படத்தைப் பிய்த்து டப்பாவில் போடலாம். விசிலைக் கழற்றிவிட்டேன், சிவப்புத் துணியை ஆட்டினால் நிறுத்து என்று அர்த்தம். மூட்டையைத் தள்ளுவதும் இழுப்பதும் சுமப்பதும் சும்மா வேலை இல்லை. தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கிடைத்தால் இவர்களில் பலருக்கு உடம்பு அடங்குகிறது. தெரபிஸ்டுகள் இதற்குத்தான் கனமான போர்வை, கனமான ஜாக்கெட் என்று எழுதித் தருகிறார்கள். நெல் விளையும் ஊரில் மூட்டைக்குப் பஞ்சமா?

சிலம்பத்தையும் முயன்றோம். ஹெட்செட்டில் ஒளிக்கத்தியால் கட்டையை வெட்டும் விளையாட்டு கொடுக்கிற அதே அசைவு, உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி இடது கை வலப்பக்கம் போவது, சிலம்பத்தில் கம்போடு கிடைக்கிறது. முதல் மாதம் கம்பு கிடையாது, ரப்பர் ஹோஸ்தான். பிள்ளைகளுக்காக இல்லை, எனக்காக. நாலு பேர் ஒட்டிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தண்ணீரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தால் டெல்டாவே கொண்டாடும். ஆற்றில் நுரை தள்ளிக்கொண்டு வரும் முதல் தண்ணீருக்குப் பூப்போட்டுக் கும்பிடுவோம். எங்கள் பள்ளித் தாய்மார்களுக்கு மட்டும் அன்றிலிருந்து தூக்கம் போய்விடும். கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால், தெருமுனையில் குளம், அதற்கு அப்பால் ஆறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சொல்லாமல் கொள்ளாமல் நடந்து போய்விடுவார்கள், போகிற இடம் பல நேரம் தண்ணீராக இருக்கும். நீரில் மூழ்கும் ஆபத்து இவர்களுக்கு மற்றப் பிள்ளைகளைவிட மிக அதிகம் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். அதனால் நீச்சலை வெறும் உடற்பயிற்சிப் பட்டியலில் வைத்து மற்றதோடு நிறுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

உடற்பயிற்சி என்று பார்த்தாலும் அது தோற்காது. உடம்பு முழுக்க ஒரே சீரான அழுத்தம், விழுந்தாலும் அடி இல்லை, பந்து இல்லை, எதிரணி இல்லை. களத்தில் ஐந்து நிமிடத்தில் ஓடிப்போகும் பையன் தண்ணீரில் நாற்பது நிமிடம் இருந்தான். ஹெட்செட்டுக்குள்ளும் கடல் இருக்கிறது, டால்பின் இருக்கிறது. அதில் மூச்சை அடக்கவும் மிதக்கவும் கற்க முடியாது. நனையாத தண்ணீருக்குள் தினமும் நடந்து பழகிய பிள்ளை நிஜ வாய்க்காலை என்னவென்று நினைக்கும்? அந்தப் பயத்தில் அந்தக் காட்சிகளை மட்டும் நான் போடவே விடவில்லை.

நீச்சலுக்குச் செலவு உண்டு. தனியார் நீச்சல் குளத்துக்குக் கட்டணம், வேன், தண்ணீரில் பிள்ளைக்கு ஒரு பெரியவர். ஆற்றிலேயே சொல்லித்தரலாமே என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். அவர் நீந்திய ஆறு வேறு. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. நீந்தத் தெரிந்துவிட்டது என்று கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிடவும் கூடாது.

பணம் போன வழி

மூன்றையும் முயன்று பார்த்ததில், எங்களிடம் குறைவாக இருந்தது கருவி இல்லை, ஆள். ஹெட்செட்டுக்கும் ஆள் வேண்டும், திரைக்கும் வேண்டும், மூட்டை தள்ளவும் வேண்டும். ஒரு பெரியவர் திரையில் இருவரைப் பார்க்கலாம், களத்தில் மூன்று பேரைப் பார்க்கலாம், ஹெட்செட்டிலோ ஒரு பிள்ளைக்கே இரண்டு பெரியவர் வேண்டும். நீச்சலில் ஒரு பிள்ளைக்கு ஒருவர், ஆனால் அங்கே கிடைப்பது உயிர்.

எனவே பத்து மாதத்துக்கு ஒரு உதவியாளர், மாதம் 7,000 வீதம் 70,000. ஊர்ப் பெண்தான், பிள்ளைகளுக்குப் பயப்படாதவள். குளத்துக்கும் வேனுக்கும் 45,000. ப்ரொஜெக்டர், வெப்கேம் எல்லாம் சேர்த்து 30,000; பழைய லேப்டாப் கல்லூரியிலிருந்து வந்தது. மூட்டை, ஊஞ்சல் கயிறு, படம் ஒட்டும் அட்டை என்று 5,000. ஹெட்செட் வாங்கவில்லை. வருடத்தில் இரண்டு வாரம் இரவல் வாங்கிக்கொள்கிறோம்.

உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் வேறாகலாம். வீட்டில் ஒரே பிள்ளை, பதின்மூன்று பதினான்கு வயது, வலிப்பு இல்லை, தலையில் மாட்டப் பிடிக்கிறது, வெளியே வர மட்டும் மறுக்கிறான் என்றால் ஹெட்செட் நல்ல வாசல். வாசலிலேயே உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்டும் சிறப்பாசிரியரும் ஒரே இடத்தில் இருக்கும் வட்டார வள மையம் என்றால் ஒன்று வாங்கிப் பல பள்ளிகளுக்குச் சுற்றில் விடலாம். வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் கடையில் கேட்க வேண்டியவை: பிள்ளை பார்ப்பதை நாம் டிவியிலோ போனிலோ பார்க்க முடியுமா, இணையம் இல்லாத நாளில் ஓடுமா, சத்தத்தைத் தனியாகக் குறைக்க முடியுமா, நாம் எடுத்த படத்தை அதில் போட முடியுமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் எனக்கு அது வேண்டாம்.

துபாய்க்காரனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஹெட்செட் ஃபோட்டோ காட்டலாம்னு இருந்தேன் சார்" என்றான். குளத்தில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினேன், முகம் தெரியாமல், முதுகுகள் மட்டும், பெற்றோரைக் கேட்டுக்கொண்டு. "இதுல யார் சார் நம்ம உதவியாளர்?" என்று திருப்பிக் கேட்டான். அடுத்த வருடச் சம்பளத்தைப் பற்றி அப்போதே பேசிவைத்தேன்.

தை மாதம் எங்கள் விளையாட்டு விழா. அதற்கு முன்னால் இரண்டு வாரம் ஹெட்செட் வருகிறது, மேளத்துக்குப் பயப்படும் அந்தச் சிறுமிக்காகவும் இன்னும் இரண்டு பேருக்காகவும். இந்த முறை எங்கள் களத்தையே படமெடுக்கப் போகிறோம். பேண்டு வாத்தியக்காரரிடம் பேசியாயிற்று. வந்து மூன்று வேகத்தில் வாசித்துத் தருகிறேன் என்றார். வேகம் இல்லை ஐயா, மூன்று சத்தத்தில் என்று இன்னொரு முறை போய்ச் சொல்ல வேண்டும்.